கை வழியே மூளைக்கு

வாசகர்களே, மேலே படிக்குமுன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பல் குத்தும் குச்சிகள் இரண்டை எடுத்து, அவற்றின் முனைகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு சேர்த்துப் பிடித்துக் கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரைக் கண்ணை மூடச் சொல்லி, அவருடைய ஆட்காட்டி விரல் நுனியில் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் மெல்ல வையுங்கள். "இரண்டு" என்று சொல்லிவிடுவார். இப்போது அதே குச்சிகளை, அதே இடைவெளியில், அவர் முதுகில் வையுங்கள். "ஒன்று" என்பார். இடைவெளியை 1 செ.மீ., 2 செ.மீ. என்று கூட்டினாலும் ஒன்று என்றே சாதிப்பார். ஏறக்குறைய 4 செ.மீ. வந்த பிறகுதான் இரண்டு என்று ஒப்புக்கொள்வார்; சிலர் அப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஜெர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எர்ன்ஸ்ட் வேபர் 1834-இல் வெளியிட்ட நூலில் உள்ள சோதனைதான் இது. குச்சிக்குப் பதில் அவர் கவராயத்தைப் பயன்படுத்தினார். விரல் நுனி ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதற்கு மூளைப் பக்கமிருந்து விடை வர நூறாண்டு ஆயிற்று. கனடாவில் மாண்ட்ரியல் நகர அறுவை மருத்துவர் வில்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளின் மூளையை அவர்கள் விழித்திருக்கும்போதே திறந்து, மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி, "எங்கே உணர்கிறாய்?" என்று கேட்டுக் கேட்டு ஒரு படம் தயாரித்தார். 1937-இல் அப்படம் வெளிவந்தது. உடம்பின் எந்தப் பகுதிக்கு மூளைப் புறணியில் எவ்வளவு இடம் என்பதைக் காட்டும் படம் அது. கைக்கும் உதட்டுக்கும் அதில் பெரும் பங்கு. அகன்ற முதுகுக்கோ ஒரு மூலை.

நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மூளை என் துறை அன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே மீனவக் குப்பம் ஒன்றின் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருநாள் என்னிடம், "சார், பயிற்சி வகுப்பில் 'மூளை சார்ந்த கற்றல்' என்று சொன்னார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அறிவியலில் அந்த மாதிரி ஏதாவது துணைக்கருவி செய்து தர முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் அது என்ன என்று தேடத் தொடங்கினேன். தேடக் கிடைத்தது நான் எதிர்பார்த்ததற்கு நேர் மாறான ஒரு வரலாறு. மூளையை ஆராய்ந்து அதன்படி கருவி செய்தவர் யாரும் அதில் இல்லை. குழந்தையின் கையில் ஒரு பொருளைக் கொடுத்து, அது எங்கே தவறுகிறது என்று பொறுமையாகப் பார்த்துக் கருவி செய்தவர்களே இருந்தார்கள். மூளை ஆய்வு பின்னால் வந்து சிலவற்றுக்கு "சரி" போட்டது, சிலவற்றை அடித்தது. இவ்வரலாற்றின் முக்கியமான இரு ஏடுகள் நம் தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டன என்பது பலருக்குத் தெரியாது.

மருத்துவர் செய்த மரத்துண்டுகள்

கதை பிரான்சில் தொடங்குகிறது. காட்டில் தனியே திரிந்து பிடிபட்ட ஒரு சிறுவனுக்குப் பேச்சும் பழக்கமும் கற்பிக்க, 1801-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இட்டார் என்ற மருத்துவர் பெரும்பாடு பட்டார். அவன் பேசக் கற்கவில்லை. ஆனால் புலன்களை ஒவ்வொன்றாகப் பழக்கலாம் என்ற எண்ணம் அம்முயற்சியிலிருந்து பிறந்தது. அவருடைய மாணவர் செகேன், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக அவ்வெண்ணத்தைக் கருவிகளாக மாற்றி 1846-இல் நூல் எழுதினார். அந்த நூல் தூசி படிந்து கிடந்தது.

அதை எடுத்து, தன் கையாலேயே முழுவதையும் இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தவர் ஒரு பெண் மருத்துவர். 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற மரியா மாண்டிசோரி. இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவர். மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றியபோது, அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளுக்கு வேண்டியது மருந்தன்று, கைக்கு வேலை என்று கண்டார். செகேனின் வழியில் கருவிகள் செய்து அவர்களுக்குக் கற்பித்தார். பிறகு எழுந்தது ஒரு கேள்வி: குறையுள்ள குழந்தைக்கே இது இவ்வளவு உதவினால், குறையில்லாத குழந்தைக்கு எவ்வளவு உதவும்? 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் அவர் தொடங்கிய "குழந்தைகள் இல்லம்" அக்கேள்விக்கு விடை தேடிய இடம்.

அவர் செய்த கருவிகளில் ஒன்றைப் பாருங்கள். ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே வழவழப்புக் கொண்ட சிறு மரப்பலகைகள். மூன்று வகை மரம்; எனவே எடை மட்டும் 12, 18, 24 கிராம் என்று மாறும். குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளங்கையில் ஏந்தி எடை வாரியாகப் பிரிக்க வேண்டும். மற்ற எல்லாம் மாறாமல் இருக்க ஒன்று மட்டும் மாறுகிறது. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் முதலாண்டு மாணவனுக்கு மூச்சு முட்டச் சொல்லித் தருவதும் இதைத்தான்! நான்கு வயதுக் குழந்தை அதைச் சொல்லாமலே செய்கிறது.

எடை வேறுபாட்டை உணர்வது பற்றியும் நம் வேபர் சோதித்திருந்தார். 100 கிராம் கையில் இருக்கும்போது 20 கிராம் கூடினால் எளிதில் தெரியும். 2 கிலோ பையில் அதே 20 கிராம் கூடினால் தெரியாது. வேறுபாடு புலப்படுவது அளவைப் பொறுத்ததன்று, விகிதத்தைப் பொறுத்தது. 12-க்கும் 18-க்கும் உள்ள விகிதம் பிஞ்சுக் கைக்கும் புலப்படும் அளவுக்குப் பெரியது.

இன்னொரு சிறப்பு. உருளைகளைக் குழிகளில் பொருத்தும் கட்டையில் ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை எந்தக் குழிக்கும் பொருந்தாமல் எஞ்சும். ஆசிரியர் "தப்பு" என்று சொல்ல வேண்டியதே இல்லை. கட்டையே சொல்லிவிடும். தவறைத் தானே காட்டிக் கொடுக்கும் கருவி என்ற இந்தக் கருத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் எனக்கு இது வேண்டியிருக்கும்.

அடையாறும் கோடைக்கானலும்

1939 நவம்பரில், 69 வயதில், மாண்டிசோரி அம்மையார் தம் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மணி தேவியும் அழைத்ததன் பேரில் வந்த வருகை. அடையாற்றில் ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் கலந்து கொண்டனர். சில மாதங்களில் திரும்பிவிடுவதாக எண்ணம். போர் குறுக்கிட்டது.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் ஆங்கில அரசின் கண்ணில் பகைநாட்டார் ஆயினர். மாரியோவை முகாமில் அடைத்தனர். அம்மையார் அடையாறு வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்டு மாத இறுதியில் அவருடைய 70-ஆம் பிறந்த நாளை ஒட்டி மகனை விடுவித்தார்கள். ஆனால் நாட்டை விட்டுப் போக முடியாது. உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்த ஒருவரை இவ்வாறு ஓரிடத்தில் உட்கார வைத்தது போர். அறிவியல் கல்வி அதனால் அடைந்த ஆதாயத்தைச் சொல்கிறேன்.

1942-இல் சமவெளியின் வெப்பத்துக்கு அஞ்சி இருவரும் கோடைக்கானல் போனார்கள். 1944 வரை அங்கே வாசம். பல நாட்டு, பல வயதுப் பிள்ளைகள் கொண்ட சிறு பள்ளி ஒன்று அங்கே உருவாயிற்று. அதுவரை மாண்டிசோரிக் கருவிகள் பெரும்பாலும் ஆறு வயதுக்குட்பட்டோருக்கானவை. ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு, அதாவது தொடக்கப் பள்ளிப் பருவத்துக்கு, தாவரம், விலங்கு, பூமி, காலம் ஆகியவற்றைக் கற்பிக்கும் கருவிகள் இந்தக் கோடைக்கானல் ஆண்டுகளில் வளர்ந்தன. மாரியோவும், இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னேயும் அப்பணியில் உடனிருந்தனர். பிள்ளைகள் இலைகளையும் பூக்களையும் உயிரினங்களையும் தேடிச் சேர்த்தார்கள். சேர்த்தவற்றை வகைப்படுத்த அட்டைகள் வேண்டியிருந்தன: ஓர் அட்டையில் படம், ஒன்றில் பெயர், ஒன்றில் விளக்கம்; மூன்றையும் குழந்தையே பொருத்த வேண்டும். இலை முதலில், அட்டை பின்னர். இந்த வரிசையை நினைவில் கொள்ளுங்கள்.

கருவிகளின் பின்னே இருந்த கருத்துகளும் நம் மண்ணிலேயே அச்சாயின. "மனித ஆற்றலுக்குக் கல்வி" என்ற பொருளுடைய அம்மையாரின் நூலை 1948-இல் கலாக்ஷேத்திரம் வெளியிட்டது. குழந்தை மனம் சூழலை எப்படி உறிஞ்சிக் கொள்கிறது என்று பேசும் புகழ்பெற்ற நூல் 1949-இல் அடையாறு பிரம்மஞான வெளியீட்டகத்தில் வெளியாயிற்று. அடையாறு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். அங்கிருந்து தெற்கே நடந்தால் திருவான்மியூர். அக்காலத்தில் அது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். கடற்கரையோரமாகவே போனால் கோவளம், மாமல்லபுரம். ஒரு நாள் நடையில் நான் சொன்ன குப்பமும் வந்துவிடும்.

அந்த ஒரு நாள் நடையைக் கருவிகள் நடக்கவில்லை. ரோம் நகரத்துச் சேரியில் பிறந்த முறை, இங்கே கட்டணம் கட்டக் கூடியவர்களின் பள்ளிகளில் தங்கிவிட்டது. அம்மையார் 1949-இல் இந்தியாவை விட்டுச் சென்றார். 1952-இல் ஹாலந்தில் காலமானார். "மாண்டிசோரி" என்ற சொல் தெருத் தெருவாக ஆங்கில நர்சரிப் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் ஏறியது. பலகைக்குப் பின்னால் ஓர் எடைப் பலகையாவது இருந்ததா என்று கேட்காதீர்கள்.

அலமாரி மேல் பெட்டி

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, யுனிசெஃப் உதவியுடன் 1960-களின் இறுதியிலிருந்தே தொடக்கப் பள்ளிகளுக்கான அறிவியல் பெட்டிகளை உருவாக்கியது. 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-இல் வந்த கரும்பலகைத் திட்டத்தில் பள்ளிதோறும் அறிவியல் பெட்டி, கணிதப் பெட்டி, சிறு கருவிப் பெட்டி முதலியவை வழங்க ஏற்பாடு இருந்தது.

நான் படித்த கிராமத் தொடக்கப் பள்ளியிலும் 1990-களில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. பச்சை வண்ணம். அலமாரியின் மேல் இருந்தது. ஐந்து ஆண்டுகள் அதை அண்ணாந்து பார்த்தேன். ஒருநாள் அதிகாரி ஒருவர் வருகிறார் என்று இறக்கித் துடைத்தார்கள். மூடியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். லாடக் காந்தம் ஒன்று தெரிந்தது. தொடுவதற்குள் "உடைச்சிடப் போறே" என்று குரல் வந்தது. காந்தம் எப்படி உடையும் என்று எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. (கீழே போட்டால் அதன் காந்தத் தன்மை குறையும் என்பதைக் கல்லூரியில் படித்தேன். எனவே அந்தக் குரலில் சிறிது இயற்பியல் இருந்தது என்று இப்போது சமாதானம் செய்து கொள்கிறேன்.) ஆசிரியரைக் குறை சொல்வதற்கில்லை. பொருள் குறைந்தால் அவர் கணக்குச் சொல்ல வேண்டும். பூட்டி வைப்பதே பத்திரம். நாடெங்கும் பல பள்ளிகளில் இதுவே நடந்தது என்பதைக் கல்வியாளர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

பூட்ட முடியாத கருவி வேண்டும் என்பதை மத்தியப் பிரதேசத்தில் சிலர் உணர்ந்தார்கள். 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டத்தில் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் கிராமத்துக்குப் போய் உட்கார்ந்து ஆசிரியர்களோடு சேர்ந்து சோதனைகளை அமைத்தனர். அங்கிருந்து புறப்பட்ட அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி, சைக்கிள் வால்வு ட்யூப் மாதிரிகளை உங்களில் பலர் செய்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எளிய சோதனைகளை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. ஹோஷங்காபாத் திட்டம் 2002-இல் அரசு ஆணையால் நின்றது. அந்தக் கதைக்கு வேறு கட்டுரை வேண்டும்.

ஏணியும் அட்டையும்

இனி இரண்டாவது ஏடு. ரிஷிவாலிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயர் 1972-இல் கர்நாடகத்தில் கோலார் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நீல்பாக் என்ற பள்ளியை நடத்தத் தொடங்கினார். அங்கே வகுப்புகள் என்ற பிரிவினை இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கும். பின்னர் மதனப்பள்ளி அருகே ரிஷிவாலியில் பத்மநாப ராவும் ரமாவும் ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக அட்டைத் தொகுதிகளை உருவாக்கினர். தமிழகத்தில் எம். பி. விஜயகுமார் என்ற ஆட்சிப் பணி அதிகாரி, வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்களுக்குப் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வருகிற பையனை எந்த வகுப்பில் சேர்ப்பது? அந்தக் கேள்வி அவரை ரிஷிவாலி அட்டைகளிடம் கொண்டு சேர்த்தது. சென்னை மாநகராட்சி ஆணையரானபோது 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறை தொடங்கியது. 2007-இல் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்குப் பரவியது. இதுவே செயல்வழிக் கற்றல்.

என் அக்கா அப்போது திருப்போரூர்ப் பக்கம் ஆசிரியை. வீட்டுத் திண்ணையில் அட்டை வெட்டிக் கொடுத்தவன் நான். ஆகவே வெளியிலிருந்து பேசவில்லை. வகுப்பில் மேசை நாற்காலி இல்லை, பாய்தான். சுவரோரம் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை. தலைக்கு மேல் கம்பிப் பந்தல். அதில் அவர்கள் வரைந்தவை தொங்கும். சுவரில் ஏணிப் படம். அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னம். பிள்ளை தன் படியைப் பார்த்து, அந்தச் சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, உரிய குழுவில் போய் உட்காரும். ஆசிரியரின் முழு உதவி பெறும் குழு ஒன்று, தோழர் உதவி பெறும் குழு ஒன்று, தானே செய்யும் குழு ஒன்று, இப்படி. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்பிய பெண், விட்ட படியிலிருந்தே ஏறுவாள். அதற்கு முன் அவள் விட்ட பாடங்கள் விட்டவையே. இது சிறிய காரியமன்று.

இம்முறையை அமைத்தவர்கள் மூளைப் படத்தைப் பார்த்து அமைக்கவில்லை. ஆனாலும் உளவியல் ஆய்வுகள் அவர்கள் பக்கம் பேசுகின்றன. நாம் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தக் கூடிய செய்திகள் மிகச் சிலவே என்று 1956-இல் ஜார்ஜ் மில்லர் காட்டினார். சிறு பிள்ளைகளுக்கு அது இன்னும் குறைவு. சிறு சிறு படிகளாகப் பிரித்தது அதனால் சரி. ஒருமுறை கற்றதை இடைவெளி விட்டு மீண்டும் நினைவிலிருந்து எடுத்தால்தான் நிலைக்கும் என்பது 1885-இல் எபிங்காஸ் தொடங்கிய ஆய்விலிருந்து இன்றுவரை உறுதிப்பட்டு வருவது. ஏணியில் வலுவூட்டும் அட்டையும் மதிப்பீட்டு அட்டையும் மாறி மாறி வந்தது அதனால் சரி.

எங்கே சரியில்லை? மொழிக்கும் கணக்கிற்கும் அட்டை பொருந்தியது. எழுத்து என்பதே அட்டையில் இருப்பதுதானே! சூழ்நிலையியலுக்கு வந்தபோது இடறியது. நான் பார்த்த வகுப்புகளில் காந்தம் பற்றிய அட்டையில் காந்தத்தின் படம் இருந்தது, காந்தம் இல்லை. பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் கேளம்பாக்கத்து உப்பளம். பாத்தியில் கடல்நீர் வற்றி உப்புப் பூப்பதைத் தினமும் பார்க்கிற பிள்ளை, ஆவியாதலை ஓர் அட்டைப் படத்திலிருந்து படித்து, சரி போட்டு, அடுத்த படிக்கு ஏறியது. கோடைக்கானலில் இலை முதலில், அட்டை பின்னர். இங்கே அட்டைக்கு முன்னால் இலையே இல்லை. முதல் முறை கருவிகள் வந்தபோது ஏழைக் குழந்தை விடுபட்டது; இரண்டாம் முறை ஏழைக் குழந்தை உள்ளே வந்தது, பொருள் விடுபட்டது. இது என் கணிப்பு. செயல்வழிக் கற்றலில் ஊறிய ஆசிரியர்கள் சிலர், அக்கா உட்பட, இதை ஏற்க மாட்டார்கள். நல்ல ஆசிரியை இலையைக் கொண்டுதான் வந்தாள் என்பார்கள். வந்தாள், மறுக்கவில்லை. அட்டை அவளைக் கொண்டுவரச் சொல்லவில்லை என்பதே என் வாதம்.

முறை பின்னர் எளிமையாக்கப்பட்டது. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட எண்ணுக்கும் எழுத்துக்கும் முதலிடம் தந்தது நியாயமே. அறிவியல் மறுபடியும் பின் வரிசைக்குப் போயிற்று.

வலமூளை, இடமூளை

இனி என் தவறு. தலைமையாசிரியை கேட்டதும் பளபளப்பான நூல் ஒன்றை வாங்கினேன். இடமூளைப் பிள்ளை தருக்கமாகச் சிந்திக்கும், வலமூளைப் பிள்ளை கற்பனையாகச் சிந்திக்கும் என்று அதில் இருந்தது. இரு வண்ணங்களில் 24 அட்டைகள் செய்து எடுத்துப் போனேன். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்குது சார். எந்தப் பிள்ளைக்கு எந்தக் கலர்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் உண்டு. ரோஜர் ஸ்பெரி 1981-இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வு, வலிப்பைத் தடுப்பதற்காக இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்ட நோயாளிகளைப் பற்றியது. வெட்டப்படாத மூளையில் இரு பாதிகளும் ஓயாமல் பேசிக் கொள்கின்றன. இடமூளை மனிதன், வலமூளை மனிதன் என்ற பிரிவினை பத்திரிகைகளும் வியாபாரிகளும் செய்தது. 1983-இல் லெஸ்லி ஹார்ட் என்ற அமெரிக்கர் மூளைக்கு ஏற்ற கல்வி என்று நூல் எழுதினார். 1990-களை மூளையின் பத்தாண்டு என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அதன்பின் மூளை என்ற சொல்லை ஒட்டினால் எதுவும் விற்றது. ஜான் புரூவர் 1997-இல் எழுதிய கட்டுரையில், நரம்பணுவிலிருந்து வகுப்பறைக்கு நேராகப் பாலம் போட முடியாது என்று எச்சரித்தார். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்து, நெதர்லாந்து ஆசிரியர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல் இந்த வலமூளை இடமூளைக் கதையை நம்பியது தெரிந்தது. எனவே ஏமாந்ததில் எனக்குத் துணை உண்டு.

மூளை ஆய்விலிருந்து நான் எடுத்துக் கொண்டது ஒன்று. 1960-களில் கலிபோர்னியாவில் ரோசன்ஸ்வைக், மரியன் டயமண்டு முதலியோர் எலிகளை இரு வகைக் கூண்டுகளில் வளர்த்தனர். ஒன்றில் ஏணி, சக்கரம், விளையாட்டுப் பொருள்கள், துணை எலிகள். மற்றதில் தனிமை. பொருள் நிறைந்த கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி சற்றுத் தடித்திருந்தது. இதைச் சொல்லித்தான் விலையுயர்ந்த பொம்மைகளை விற்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வயலிலும் வாய்க்காலிலும் திரியும் எலிக்கு அந்த "வளமான" கூண்டே சிறைதான். அது எலியின் இயல்பு வாழ்க்கைக்குச் சிறிது பக்கத்தில் வந்த கூண்டு, அவ்வளவே. எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் படகும் வலையும் நண்டும் அலையும் வாசலிலேயே இருக்கின்றன. வெறுங் கூண்டு எது என்றால், வகுப்பறை.

45 மீட்டர் கயிறு

அதற்குப் பிறகு நான் செய்தவற்றில் கடையில் வாங்கியது குறைவு. எடைப் பலகைகளுக்குப் பதில் மூடி ஒட்டிய ஒரே மாதிரி மருந்துக் குப்பிகள். உள்ளே கடற்கரை மணல் வெவ்வேறு அளவு. வெளியே தெரியாதிருக்கக் காகிதம் சுற்றியது. அடியில் வண்ணப் புள்ளி. வரிசைப்படுத்திய பின் கவிழ்த்துப் பார்த்தால் சரியா தவறா என்று தெரிந்துவிடும். கேளம்பாக்கத்து உப்பைக் கரைத்துத் தட்டில் வற்ற விட்டு, உருப்பெருக்கியில் சதுரச் சதுரமான படிகங்களைப் பார்த்தோம். அதன் பிறகு "ஆவியாதல்" அட்டையைக் கொடுத்தேன்.

காலம்தான் கடினம். கோடி ஆண்டு என்பதைக் கையால் தொடுவது எப்படி? மாண்டிசோரிப் பள்ளிகளில் நீண்ட கருந்துணி நாடாவை விரித்துக் கொண்டே போவார்கள். பூமியின் வயது அது. கடைசி நுனியில் சிறு சிவப்புப் பட்டை மனிதனின் காலம். எங்களிடம் நாடா இல்லை. வலை இழுக்கும் கயிறு இருந்தது. 1 செ.மீ. என்பது 10 லட்சம் ஆண்டு என்று வைத்துக் கொண்டால், பூமியின் 450 கோடி ஆண்டுக்கு 45 மீட்டர். சனிக்கிழமை காலை மணலில் நீட்டிப் போட்டோம். இன்றைய நாள் கடல் பக்க நுனி. பிள்ளைகள் அங்கிருந்து பின்னோக்கி நடந்தார்கள். 66 செ.மீ.-இல் ஒரு சிப்பி: டைனோசார்களின் முடிவு. ஏறத்தாழ 5 மீட்டரில் ஒரு மீன் முள்: முதல் மீன்கள். "நமக்கு முன்னாடியே மீனு வந்துடுச்சா?" என்று ஒருவனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். 25 மீட்டரில் ஒரு கருங்கல். பல்லவர்கள் சிற்பம் செதுக்கிய இப்பகுதிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. 35 மீட்டரில் பாசி ஒரு கொத்து: உயிர்களின் மிகப் பழைய தடயங்கள். அதற்கும் அப்பால் 10 மீட்டர் வெறும் கயிறு. அந்தப் பத்து மீட்டரையும் நடக்க வைத்தேன். ஒன்றும் இல்லாத இடத்தையும் நடந்தால்தான் தூரம் தெரியும்.

கடற்கரைக் கோயில் எங்கே என்று கேட்டார்கள். 1,300 ஆண்டு என்பது இந்தக் கயிற்றில் தலைமுடிப் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு. காட்ட வழியில்லை. மனிதன் தோன்றிய 3 லட்சம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர், அதைக் காட்டலாம். நுனியில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டேன். பெருமையோடு நிமிர்ந்தேன்.

நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி குனிந்து முடிச்சையே பார்த்துக் கொண்டிருந்தாள். வலை பின்னும் வீட்டுப் பெண். இடுப்பிலிருந்து அளவுகோலை எடுத்து முடிச்சின் மேல் வைத்தாள்.

"சார், முடிச்சே ஏழு மில்லி இருக்குது. மூணுன்னு சொன்னீங்களே?"

அளந்து பார்த்தேன். ஏழுதான். மனித குலத்துக்கு 4 லட்சம் ஆண்டு கூடுதலாகக் கொடுத்திருந்தேன். முடிச்சை அவிழ்த்தோம். டீச்சரின் கைப்பையிலிருந்து நகப்பூச்சுப் புட்டி வந்தது. அந்தப் பெண்ணே கயிற்றின் நுனியைப் பிடித்து, அளவுகோலை ஒட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு 3 மில்லிமீட்டர் சிவப்புப் பூசினாள். காய்ந்த பிறகு கயிற்றைச் சுருட்டி அலமாரியில் வைக்கப் போனேன். "அங்க வேணாம் சார், மறுபடி எடுக்கவே மாட்டாங்க" என்று சொல்லி, வகுப்பறைச் சன்னல் கம்பியில் மாட்டிவிட்டாள்.